18,000 ரூபாயா, 182 நாள் கூலியா? எல்லையோரத் தாய்மார்களுக்கான பணம்

கம்பத்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். அவருடைய தங்கையைக் கேரளத்தில் வண்டிப்பெரியாறுக்கு அருகே ஒரு தேயிலை எஸ்டேட்டில் கட்டிக் கொடுத்திருக்கிறார்கள். கணவன், மனைவி இருவருக்கும் அங்கேயே வேலை, லயத்தில், அதாவது எஸ்டேட் தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், குடியிருப்பு. தங்கைக்கு இப்போது மூன்றாம் மாதம். தலைப்பிரசவம் என்பதால் ஏழாம் மாதம் வளைகாப்பு முடித்துக் கம்பத்துக்கு அழைத்து வந்துவிடுவார்கள். தமிழ்நாட்டு அரசு தரும் 18,000 ரூபாய் அவளுக்குக் கிடைக்குமா, கேரளத்தில் பதிந்துவிட்டால் அது போய்விடுமா, இரண்டு பக்கமும் பதிந்துவைத்தால் என்ன என்பது அவருடைய கேள்வி.

தாய்மாமன் ஆகப்போகிற தம்பிக்கு முதலில் நேரடியாகச் சொல்லிவிடுகிறேன். இரண்டு பக்கமும் பதிய வேண்டாம். தங்கை எங்கே குடியிருந்து மாதாமாதம் பரிசோதனைக்குப் போகிறாளோ அங்கே, அதாவது கேரளத்தில், இந்த வாரமே பதியுங்கள். 18,000 ரூபாயை விரட்ட வேண்டாம். அதைவிட நான்கு மடங்குக்கு மேல் பெரிய தொகை ஒன்று அவளுக்குச் சட்டப்படி வரவேண்டியிருக்கிறது. அதைப் பற்றி உங்கள் கேள்வியில் ஒரு சொல்கூட இல்லை. எஸ்டேட் கொடுக்க வேண்டிய மகப்பேறுக் கூலியைத்தான் சொல்கிறேன்.

அரசு தரும் உதவித்தொகை என்றால் எல்லோர் காதிலும் விழுகிறது. அங்கன்வாடியில் பேசுகிறார்கள், பஸ்ஸில் பேசுகிறார்கள், தேர்தல் மேடையிலும் பேசுகிறார்கள். முதலாளி சட்டப்படி கொடுக்க வேண்டிய கூலியைப் பற்றிச் சத்தமே இருக்காது. கொடுக்க வேண்டியவருக்கு அதை ஊருக்கு அறிவிக்கும் அவசரம் இல்லை.

அந்தக் கூலியின் கணக்கைப் பார்ப்போம். 1961-ஆம் ஆண்டின் மகப்பேறு நலச் சட்டம், தோட்டம் என்ற சொல்லை எழுதிவைத்தே தோட்டத் தொழிலாளர்களைச் சேர்த்துக்கொண்ட சட்டம். 2017-இல் அதைத் திருத்தி, முதல் இரண்டு குழந்தைகளுக்கு 12 வாரமாக இருந்த விடுப்பை 26 வாரமாக உயர்த்தினார்கள். 2025 நவம்பர் 21 முதல் அந்தச் சட்டத்தின் இடத்தில் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு நடப்புக்கு வந்திருக்கிறது. பெயர் மாறினாலும் உங்களுக்கு வேண்டிய விஷயம் மாறவில்லை: 26 வார விடுப்பு, அதற்கு முழுக் கூலி. பிரசவத் தேதியாக டாக்டர் குறித்துக் கொடுக்கும் நாளுக்கு முந்தைய 12 மாதத்தில் 80 நாள் வேலை செய்திருக்க வேண்டும், அவ்வளவுதான் நிபந்தனை. சம்பளத்தோடு விட்ட விடுமுறை நாள்களும், வேலை இல்லை என்று நிர்வாகமே நிறுத்திவைத்த லே-ஆஃப் நாள்களும் அந்த 80-இல் சேரும்.

கூலி எவ்வளவு? விடுப்பில் போவதற்கு முந்தைய மூன்று மாதத்தில் வேலை செய்த நாள்களின் சராசரி நாள்கூலி. கணக்குக்காக 450 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 26 வாரம் என்றால் எத்தனை நாள்? வாரத்துக்கு ஆறு நாள்தானே வேலை என்று 156 நாளுக்குப் போட்டுக் கொடுத்துவிட்டுக் கையெழுத்து வாங்கும் வழக்கம் ஒரு காலத்தில் இருந்தது. இதை எதிர்த்து நின்றவர் வேறு யாரும் இல்லை, ஆனைமலையில் எஸ்டேட்டில் வேலை செய்த ஒரு பெண்தான். அப்போது விடுப்பு 12 வாரம். ஞாயிற்றுக்கிழமைகளைக் கழித்து 72 நாளுக்குக் கொடுத்தார்கள். 84 நாளுக்குக் கொடு என்று கோவைத் தொழிலாளர் நீதிமன்றத்துக்குப் போனார் அவர். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை ஏறியது. 1977-இல் தீர்ப்பு வந்தது: வாரம் என்றால் ஏழு நாள், ஞாயிற்றுக்கிழமைக்கும் கூலி உண்டு. இன்று இந்தியா முழுவதும் மகப்பேறுக் கூலி கணக்கிடப்படுவது அந்தத் தீர்ப்பின்படிதான். எனவே 26 வாரம் என்பது 182 நாள். 450 ரூபாய் வீதம் 81,900 ரூபாய். ஆறு நாள் கணக்குப் போட்டால் 70,200 ரூபாய்தான் வரும். வித்தியாசம் 11,700 ரூபாய். எஸ்டேட் ஆபீசில் பட்டுவாடா நடக்கும் நாளில் உங்கள் தங்கை முதலில் பார்க்க வேண்டியது இந்த நாள் எண்ணிக்கையைத்தான்.

பணம் இரண்டு பகுதியாக வரும். கர்ப்பத்துக்கான மருத்துவச் சான்றிதழைக் கொடுத்ததும் பிரசவத்துக்கு முந்தைய காலத்துக்கான கூலியை முன்பணமாகக் கொடுக்க வேண்டும். குழந்தை பிறந்ததற்கான சான்றைக் காட்டிய 48 மணி நேரத்துக்குள் மீதியைக் கொடுக்க வேண்டும். இதற்கு எழுத்து மூலமாக அறிவிப்புக் கொடுக்க வேண்டும்: எந்தத் தேதியிலிருந்து விடுப்பு, அந்தக் காலத்தில் வேறெங்கும் வேலைக்குப் போகமாட்டேன், பணத்தை இவரிடம் கொடுக்கலாம். கங்காணியிடம் வாயால் சொல்லிவிட்டு வந்தால் செல்லாது என்று சட்டம் சொல்லவில்லை. ஆனால் செக்ரோலில், அதாவது எஸ்டேட்டின் வருகைப் பதிவேட்டில், 'ஆப்சென்ட்' என்று விழுந்த பிறகு அதை அழிக்க நீங்கள் படும் பாடு பெரிது. இரண்டு பிரதி எழுதி, ஒன்றில் ஆபீஸ் முத்திரையும் தேதியும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். தமிழில் எழுதினால் போதும். வண்டிப்பெரியாறு இருக்கும் பீருமேடு தாலுகாவில் தமிழில் எழுதிய மனுவைப் பார்த்து முகம் சுளிக்கும் எஸ்டேட் ஆபீஸை நான் பார்த்ததில்லை.

இங்கே உங்கள் வளைகாப்புத் திட்டத்தில் ஒரு சிக்கல் இருக்கிறது. பிரசவத்துக்கு முன்னால் எட்டு வாரத்துக்கு மேல் இந்த விடுப்பை எடுக்க முடியாது. நாற்பது வாரக் கணக்கில் 32-ஆம் வாரத்தில்தான் அந்த எட்டு வாரம் தொடங்குகிறது. ஏழாம் மாதத் தொடக்கத்திலேயே சீர்வரிசையோடு போய்த் தங்கையை அழைத்து வந்துவிட்டால், இடையில் உள்ள வாரங்கள் கூலி இல்லாத நாள்களாகப் போகும். அழைக்கக்கூடாது என்று சொல்லமாட்டேன், அது உங்கள் வீட்டு முறை. அந்த வாரங்களுக்குத் தனியாக விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டுக் கிளம்பட்டும். எழுதாமல் போனால், 'சொல்லாமல் நின்றுவிட்டாள்' என்று பிற்பாடு யாராவது கிளப்புவார்கள். வளைகாப்பை அங்கேயே வைத்து, 32 வாரம் ஆனதும் அழைத்து வரும் குடும்பங்களும் இருக்கின்றன. அதுவரை மலைச்சரிவில் கொழுந்துச் சுமையோடு ஏறி இறங்க வேண்டுமே என்று நீங்கள் பயந்தால், அதற்கும் வழி உண்டு. பிரசவத்துக்குச் சுமார் பத்து வாரம் இருக்கும்போதிருந்தே, கடினமான வேலையும் நெடுநேரம் நிற்கும் வேலையும் தரக்கூடாது என்று கேட்கும் உரிமை அவளுக்குச் சட்டத்தில் இருக்கிறது. அந்தக் காரணத்துக்காகக் கூலியைக் குறைக்கவும் கூடாது.

தங்கை நிரந்தரமா, தற்காலிகமா என்று நீங்கள் சொல்லவில்லை. தற்காலிகம் என்றால் ஆபீசில் முதல் பதில், 'உனக்கு இல்லை' என்றுதான் வரும். அது தவறான பதில். டெல்லி மாநகராட்சியில் நாள்கூலிக்கு ரோடு வேலை செய்த பெண்களின் வழக்கில் 2000-ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம், மஸ்டர் ரோல் என்ற நாள்கூலிப் பட்டியலில் இருப்பவர்களுக்கும் மகப்பேறு நலன் உண்டு என்று சொல்லிவிட்டது. சட்டம் கேட்பது 80 நாள் வேலையை; நியமன உத்தரவை அல்ல. அந்த 80 நாளை நிரூபிப்பதுதான் தற்காலிகத் தொழிலாளிக்கு உள்ள கஷ்டம். பி.எஃப். பிடித்தம் இருந்தால் அந்தப் பாஸ்புக்கே மாதவாரியாகச் சாட்சி சொல்லும். கூலி வங்கிக் கணக்கில் விழுந்தால் அதுவும் சாட்சி. கூலிச் சீட்டு தந்தால் ஒன்றைக்கூடத் தூக்கி எறிய வேண்டாம். மறுத்தால் தொழிற்சங்க ஆபீசுக்கும், அங்கிருந்து பிளான்டேஷன் இன்ஸ்பெக்டரிடமும் போகலாம். கர்ப்பமாக இருக்கிறாள் என்பதற்காகவோ, விடுப்பில் இருக்கும்போதோ வேலையை விட்டு நிறுத்துவது சட்டவிரோதம்.

சொல்ல யாருக்கும் வாய் வராத ஒன்றையும் எழுதிவிடுகிறேன். கரு கலைந்துபோனால் அதற்கு அடுத்த நாளிலிருந்து ஆறு வாரம் கூலியோடு விடுப்பு உண்டு. மலையில் எத்தனையோ பெண்கள் மூன்றாம் நாளே கூடையைத் தூக்கிக்கொண்டு போகிறார்கள். ஆஸ்பத்திரிச் சான்றைக் காட்டினால் கிடைக்கும் என்று அவர்களுக்கு யாரும் சொல்வதில்லை. குடும்பக் கட்டுப்பாட்டு ஆபரேஷனுக்கு இரண்டு வாரம் உண்டு.

இனி அரசுப் பணத்துக்கு வருவோம்.

தமிழ்நாட்டின் 18,000 ரூபாய் என்பது டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டம். 1987-இல் 300 ரூபாயில் தொடங்கியது. 2006-இல் 6,000, 2011-இல் 12,000, 2018-இல் 18,000 என்று வளர்ந்தது. 18,000 முழுவதும் ரொக்கம் அல்ல. 4,000 ரூபாய் மதிப்புக்கு இரண்டு ஊட்டச்சத்துப் பெட்டகங்கள். பேரீச்சம்பழம், ஆவின் நெய், சத்துமாவு, இரும்புச்சத்து டானிக் எல்லாம் அதில் இருக்கும். மீதி 14,000 ரொக்கம். முன்பு ஐந்து தவணையாகப் பிய்த்துப் பிய்த்துக் கொடுத்ததை 2024-இல் மூன்றாகச் சுருக்கினார்கள்: கர்ப்பத்தின் நான்காம் மாதம் 6,000, குழந்தைக்கு நான்காம் மாதம் 6,000, ஒன்பதாம் மாதத் தடுப்பூசி போட்டபின் 2,000. வறுமைக்கோட்டுக்குக் கீழே உள்ள, 19 வயது நிறைந்த தாய்க்கு முதல் இரண்டு பிரசவத்துக்கு. மத்திய அரசு கர்ப்பிணிகளுக்குத் தரும் பிரதமர் மாத்ரு வந்தனா பணமும் இதற்குள்ளேயே அடக்கம். 18,000-த்தோடு இன்னொரு 5,000 தனியாக வரும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

தவணை வரும் மாதங்களைப் பாருங்கள். முதல் பெட்டகம் மூன்றாம் மாதம், முதல் பணம் நான்காம் மாதம். ஏழாம் மாதத்தில் மலையிறங்கி வரும் பெண்ணுக்கு இந்தத் திட்டம் அமைக்கப்படவில்லை. 12 வாரத்துக்குள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பதிந்து, அங்கேயே பரிசோதனைகளுக்கு வந்து போகும் தாய்க்கானது அது. திருமணத்துக்குப் பிறகும் உங்கள் தங்கையின் பெயர் கம்பத்து ரேஷன் கார்டில் இருக்கலாம். பலர் வீட்டில் அப்படித்தான் இருக்கிறது. அதைக் காட்டிப் பதிந்துவிடலாம் என்று உங்களுக்கு யோசனை சொல்கிறவர், மாதாமாதம் ரத்த அழுத்தமும் ரத்தச் சோகையும் பார்க்க அவள் குமுளி இறங்கிக் கம்பம் வந்து போவாளா என்று யோசித்தாரா? வரமாட்டாள். பதிவு ஓரிடம், உடம்பு ஓரிடம் என்று ஆகிவிடும். சர்க்கரையோ அழுத்தமோ ஏறினால் எந்த நர்சும் கவனிக்காமல் போகும் ஆபத்து அதில்தான் இருக்கிறது. ஆதார் எண் ஒன்றே என்பதால் இரட்டைப் பதிவு தெரிந்தும் போகும். அப்போது இரண்டு பக்கப் பணமும் விசாரணையில் நிற்கும்.

கேரளத்தில் இப்படி எல்லா ஏழைத் தாய்மாருக்குமான பெரிய மாநிலத் தொகை கிடையாது. மருத்துவம் நன்றாக இருக்கும், ரொக்கம் குறைவு. அங்கே முக்கியமானது மாத்ரு வந்தனாதான். முதல் குழந்தைக்கு 5,000 ரூபாய், இரண்டு தவணை. கர்ப்பத்தைப் பதிந்து, ஆறு மாதத்துக்குள் ஒரு பரிசோதனையாவது முடித்திருந்தால் 3,000. பிறப்பைப் பதிந்து, 14-ஆம் வாரத் தடுப்பூசி வரை போட்டபின் 2,000. இரண்டாவது குழந்தை பெண்ணாகப் பிறந்தால் 6,000 ஒரே தவணை. இரண்டாவதும் ஆண் என்றால் ஒன்றுமில்லை. பெண் குழந்தையை வரவேற்பதற்காக இப்படி வைத்தார்களாம். பிரசவ வலியும் இழந்த கூலியும் ஆண் குழந்தைக்கு மட்டும் குறைந்துவிடுமா என்று எனக்கு விளங்கவில்லை. 2013-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டம் ஒவ்வொரு கர்ப்பிணிக்கும் 6,000 ரூபாய்க்குக் குறையாமல் என்று எழுதியிருந்ததையும் சேர்த்துப் படித்தால் கோபம்தான் வரும்.

விண்ணப்பம் அங்கன்வாடி வழியாக. கடைசி மாதவிலக்குத் தேதியிலிருந்து 570 நாளுக்குள் முதல் குழந்தைக்கு விண்ணப்பித்துவிட வேண்டும். ஏழைக் குடும்பங்களுக்குக் கேரளம் தரும் மஞ்சள் அல்லது பிங்க் ரேஷன் கார்டு, வேலை உறுதித் திட்ட அட்டை, அமைப்புசாராத் தொழிலாளருக்கான இ-ஷ்ரம் அட்டை, தாழ்த்தப்பட்டோர் அல்லது பழங்குடியினர் சான்று, எட்டு லட்சத்துக்குக் கீழே குடும்ப வருமானச் சான்று, இவற்றில் ஏதாவது ஒன்று போதும். கணவரின் ஆதார் கட்டாயம் இல்லை. கைவிடப்பட்ட பெண்ணும், தனியாக இருக்கும் தாயும் வாங்கலாம். முன்பு தவணை வாங்கிய பிறகு கரு கலைந்திருந்தாலும், அடுத்த கர்ப்பத்தில் புதிதாக விண்ணப்பிக்கலாம்.

ஆனால் ஒரு கண்ணி இருக்கிறது. வேறு சட்டத்தின் கீழ் இதே போன்ற பலனைப் பெறுகிறவர்களுக்கு மாத்ரு வந்தனா இல்லை. எஸ்டேட்டில் 26 வாரக் கூலி வாங்கும் தங்கைக்கு இந்த 5,000 கிடையாது என்றுதான் பொருள். சிலர் இதைக் கேட்டதும் 5,000-த்தைப் பிடித்துக்கொண்டு எஸ்டேட் பணத்தைக் கோட்டை விடுகிறார்கள். எஸ்டேட் கூலியைக் கேளுங்கள். எஸ்டேட் தராது என்று உறுதியானால், அல்லது அது கைவிடப்பட்ட எஸ்டேட் என்றால், அங்கன்வாடிக்குப் போங்கள். பீருமேட்டில் 2000 வாக்கில் கம்பெனிகள் போட்டுவிட்டுப் போன எஸ்டேட்டுகளின் கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். கூலி தர ஆளே இல்லாத இடத்தில் சட்டப் புத்தகம் மட்டும் சோறு போடாது.

ஜனனி சுரக்ஷா என்று இன்னொரு சிறு தொகை உண்டு. 2005-இல் வந்தது. கேரளம், தமிழ்நாடு போன்ற மாநிலங்களில் வறுமைக்கோட்டுக்குக் கீழே உள்ளவர்களுக்கும், தாழ்த்தப்பட்ட, பழங்குடித் தாய்மாருக்கும் அரசு மருத்துவமனையில் பிரசவித்தால் கிராமத்தில் 700, நகரத்தில் 600 ரூபாய். இருபது ஆண்டாக அதே தொகை. கொடுத்தால் வாங்கிக்கொள்ளுங்கள், அதற்காக ஒருநாள் கூலியை இழந்து நடக்க வேண்டாம்.

ரொக்கமாக வராத உதவிதான் உண்மையில் பெரியது. 2011 முதல் அரசு மருத்துவமனைகளில் சாதாரணப் பிரசவமும் சிசேரியனும் முழுக்க இலவசம்: மருந்து, பரிசோதனை, ரத்தம், சாதாரணப் பிரசவத்துக்கு மூன்று நாளும் சிசேரியனுக்கு ஏழு நாளும் சாப்பாடு, வந்து போக வண்டி. குழந்தைக்கு ஒரு வயது வரை நோய் வந்தாலும் அங்கே இலவசம். இதற்கு மாநிலக் கணக்கெல்லாம் இல்லை. லயத்துப் பெண் கம்பம் அரசு மருத்துவமனையில் பெற்றாலும், சிக்கலாகி க.விலக்கில் உள்ள தேனி மருத்துவக் கல்லூரிக்கு அனுப்பினாலும், பீருமேடு தாலுகா மருத்துவமனையில் பெற்றாலும் உரிமை ஒன்றுதான். கையில் தாய்-சேய் நல அட்டை இருக்க வேண்டும். எட்டு மாதப் பரிசோதனை எதுவும் தெரியாமல் வலியோடு வந்து நிற்கும் பெண்ணைப் பார்த்தால் எந்த டாக்டருக்கும் பதற்றம் வரும். அந்தப் பதற்றத்தில்தான் 'பெரிய ஆஸ்பத்திரிக்குப் போ' என்று எழுதித் தருகிறார்கள். கேரளத்து அட்டை மலையாளத்தில் இருக்குமே என்று கவலைப்படாதீர்கள். எண்களும் ரத்த வகையும் எந்த மொழியிலும் ஒன்றுதான்.

எல்லை தாண்டும்போது பலர் தடுக்கி விழுவது பிறப்புச் சான்றிதழில். குழந்தை எங்கே பிறந்ததோ அங்கேதான் பிறப்பைப் பதிய வேண்டும். குடியிருக்கும் ஊரில் அல்ல. கம்பத்தில் பிறந்தால் தமிழ்நாட்டுச் சான்றிதழ். அதற்குத் தமிழ்நாட்டில் தாயின் 12 இலக்கக் கர்ப்பப் பதிவு எண்ணைக் கேட்பார்கள். பிக்மி எண் என்று சொன்னால் எல்லோருக்கும் தெரியும். எனவே தங்கை கம்பத்துக்கு வந்த வாரத்திலேயே கேரளத்து அட்டையையும் அங்கே கொடுத்த எண்ணையும் எடுத்துக்கொண்டு உங்கள் பகுதிக் கிராம சுகாதார செவிலியரைப் பாருங்கள். 'தாய்வீட்டுக்குப் பிரசவத்துக்கு வந்திருக்கிறாள், கேரளத்தில் பதிவு இருக்கிறது' என்று உள்ளதைச் சொல்லுங்கள். 18,000-த்துக்காக அல்ல, பிறப்புச் சான்றுக்காகத்தான் இந்த எண் என்பதையும் சொல்லிவிடுங்கள். ஆண்டாண்டு காலமாகத் தலைப்பிரசவத்துக்கு வரும் பெண்களைப் பார்க்கும் செவிலியர்கள்தான், செய்து தருவார்கள். 21 நாளுக்குள் பிறப்பைப் பதிவது இலவசம். பெயர் முடிவாகவில்லை என்றாலும் பதிந்துவிடலாம். ஓராண்டுக்குள் பெயரைக் கட்டணமில்லாமல் சேர்க்கலாம். எஸ்டேட்டில் மீதிக் கூலி வாங்கவும் பிறப்புச் சான்று வேண்டும் என்பதால் மருத்துவமனையிலிருந்து வரும் முன்பே இதைக் கேட்டுவிடுங்கள்.

ஒருவேளை எஸ்டேட் பணம் கிடைக்காமல் மாத்ரு வந்தனாவுக்குப் போக நேர்ந்தால், இரண்டாம் தவணை 14-ஆம் வாரத் தடுப்பூசியில்தான் நிற்கும். தங்கை மூன்று நான்கு மாதம் தாய்வீட்டில் இருப்பாள். 6, 10, 14-ஆம் வார ஊசிகள் கம்பத்தில் விழும். ஒவ்வொன்றும் அட்டையில் தேதியோடு ஏறியிருக்கிறதா என்று நீங்களே பாருங்கள். திரும்பிப் போனதும் அந்தப் பக்கங்களை அங்கன்வாடி டீச்சரிடம் காட்ட வேண்டும். குழந்தைக்கு ஆறு மாதம் ஆனதும் அங்கே அமிர்தம் பொடி என்ற சத்துமாவு கொடுப்பார்கள், குடும்பஸ்ரீ என்ற கேரள மகளிர் குழுவின் பெண்கள் தயாரிப்பது. அதையும் வாங்கச் சொல்லுங்கள்.

கம்பத்திலும் கூடலூரிலும் இதைப் படிக்கிற மற்றவர்கள், 'எங்கள் வீட்டுப் பெண் லயத்தில் இல்லையே, விடியலில் ஜீப்பேறி ஏலத்தோட்டத்துக்குப் போய்ச் சாயங்காலம் திரும்புகிறவள்தானே' என்று கேட்பார்கள். உங்களுக்குப் பதில் நேர்மாறானது. குடியிருப்பு தமிழ்நாட்டில், ரேஷன் கார்டு தமிழ்நாட்டில், ஆகவே 12 வாரத்துக்குள் உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பதிந்து 18,000-த்தை முழுதாக வாங்குங்கள். வேலை கேரளத்தில் என்பது இதற்குத் தடையல்ல. ஏலத்தோட்டக் கூலியைப் பொறுத்தவரை நிலைமை மோசம். தோட்டம் என்று சட்டம் ஒப்புக்கொள்ள, 2025 நவம்பர் வரை நடப்பில் இருந்த 1951-ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டப்படி, 5 ஹெக்டேர் பரப்பும் 15 ஆட்களும் வேண்டியிருந்தது. வண்டன்மேட்டிலும் ஆனக்கரையிலும் இரண்டு ஏக்கர், நான்கு ஏக்கர் ஏலக்காடுகள்தான் அதிகம். இன்று ஒரு காடு, நாளை இன்னொரு காடு என்று ஜீப் எங்கே இறக்குகிறதோ அங்கே காய் எடுக்கும் பெண்ணுக்கு 80 நாளை எந்த ஒரு முதலாளியின் மேலும் ஏற்ற முடியாது. ஒரே பெரிய எஸ்டேட்டுக்கு ஆண்டு முழுவதும் போகிறவர் என்றால் மட்டும் மேலே சொன்ன வழியில் முயன்று பாருங்கள். மற்றவர்கள் தமிழ்நாட்டு அமைப்புசாராத் தொழிலாளர் நலவாரியத்தில் உறுப்பினராகி வைத்துக்கொள்வது நல்லது. அங்கேயும் மகப்பேறு உதவி உண்டு, ஆனால் கர்ப்பமான பிறகு ஓடிப்போய்ச் சேர்வதைவிட முன்பே சேர்ந்திருக்க வேண்டும்.

இடுக்கியில் மன்னான், முதுவான், பளியர் குடிகளைச் சேர்ந்த தாய்மாருக்குக் கேரள அரசு ஜனனி ஜன்மரக்ஷா என்று மாதம் 2,000 ரூபாய் வீதம் 18 மாதம் தருகிறது. மாற்றுத்திறனாளித் தாய்க்கு மாத்ருஜோதி என்று குழந்தைக்கு இரண்டு வயது வரை மாதம் 2,000. அக்கம்பக்கத்தில் அப்படி யாராவது இருந்தால் சொல்லுங்கள்.

தகப்பனுக்கு என்ன உண்டு என்று உங்கள் மைத்துனர் கேட்டால், எஸ்டேட் தொழிலாளிக்குச் சட்டத்தில் ஒன்றும் இல்லை. மத்திய அரசு ஊழியருக்கு 15 நாள், கேரள அரசு ஊழியருக்கு 10 நாள் விடுப்பு. தோட்டத்தில் வேலை செய்கிறவர் சொந்த விடுப்பில்தான் குழந்தையைப் பார்க்க மலையிறங்க வேண்டும். 26 வாரம் முடிந்து தங்கை வேலைக்குத் திரும்பியதும், குழந்தைக்கு 15 மாதம் ஆகும் வரை, வழக்கமான ஓய்வு நேரத்துக்கு மேலே நாளைக்கு இரண்டு முறை பால் கொடுக்கப் போய்வர நேரம் தரவேண்டும். 50 பேர் வேலை செய்யும் இடத்தில் குழந்தைகள் காப்பகமும் இருக்க வேண்டும்.

கடைசியாக வங்கிக் கணக்கு. அரசுப் பணம் எதுவானாலும் நீங்கள் படிவத்தில் எழுதும் கணக்குக்குப் போகும் என்று நினைக்கிறீர்கள். போகாது, ஆதாரோடு கடைசியாக எந்த வங்கியில் இணைத்தீர்களோ அங்கே போகும். எல்லையோரப் பெண்களுக்குப் பெரும்பாலும் இரண்டு கணக்கு இருக்கிறது: கல்யாணத்துக்கு முன் கம்பத்தில் தொடங்கியது ஒன்று, எஸ்டேட் கூலிக்காக வண்டிப்பெரியாறில் தொடங்கியது ஒன்று. பணம் வரவில்லை என்று புலம்பும் வீடுகளில் பாதிப்பேருக்குப் பணம் வந்து, யாரும் திறந்து பார்க்காத பழைய பாஸ்புக்கில் கிடக்கும். கணக்கு தங்கையின் பெயரில் மட்டும் இருக்க வேண்டும், கணவரோடு கூட்டுக் கணக்கு ஆகாது. ஆதாரில் அப்பாவின் இனிஷியல், ரேஷன் கார்டில் கணவரின் பெயர், வங்கியில் வேறொரு எழுத்துக்கூட்டு என்று மூன்று விதமாக இருந்தால், குழந்தை பிறக்கும் வரை காத்திருக்காமல் இப்போதே ஆதாரை ஒட்டி மற்றவற்றைத் திருத்துங்கள். மூன்றாம் மாதம்தான் ஆகிறது, நேரம் இருக்கிறது. ஆதார் சேவை மையத்தில் சனிக்கிழமை கூட்டமாக இருக்கும். வார நாளில் அரைநாள் கூலி போனாலும் பரவாயில்லை என்று தங்கையிடம் சொல்லுங்கள். அப்படியே செக்ரோலில் தன் பெயரும் எண்ணும் சரியாக இருக்கிறதா என்று ஆபீசில் கேட்டுக்கொண்டு வரட்டும்.